முயல் ட்ரேயில் எதைப் போடலாம்? ஐந்து வருடம் மாற்றி மாற்றிப் பார்த்த அனுபவம்

என் சித்தி மகள் போன மாதம் ஒரு ஜோடி முயல் வாங்கினாள். வேளச்சேரியில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. வாங்கிய நாலாவது நாளே போன் வந்தது. "அக்கா, வீடு பூரா புழுக்கை. கடையில ஒரு முக்கோண ட்ரே குடுத்தாங்க, அதுல ஏறவே மாட்டேங்குது. எந்த ட்ரே வாங்கட்டும், உள்ள எதைப் போடட்டும்? மரத்தூளா, தேங்காய் நாரா, பூனை மண்ணா? ஒண்ணு சொல்லுங்க, போதும்."

ஒன்றைச் சொல்லி முடிக்கத்தான் ஆசை. ஆனால் ஐந்து வருடத்தில் இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நான் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் என் முயல்களுக்கு வலியும் வந்திருக்கிறது. அதனால் ஏன் ஒன்று வேண்டாம், ஏன் மற்றது பரவாயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. முயலுக்கு இடம் பார்த்துக் கழிப்பது நாம் சொல்லித்தர வேண்டிய பழக்கமே இல்லை. நாம் வளர்க்கும் முயல் எல்லாமே ஐரோப்பியக் காட்டுமுயலின் வழி வந்தவை. அவை மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறவை. தங்கள் எல்லையில் குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு, அந்த வாசனையால் 'இது எங்கள் இடம்' என்று அறிவிப்பது அவற்றின் குணம். வீட்டில் உங்கள் முயல் சோபாவுக்குப் பின்னால் ஒரே மூலையில் போகிறது என்றால் அது அடம் பிடிக்கவில்லை. இடத்தை அது தேர்ந்தெடுத்துவிட்டது, அவ்வளவுதான். ட்ரேயை அந்த மூலைக்குக் கொண்டுபோவது நம் வேலை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறுநீரை முழுக்க ட்ரேக்குள் கொண்டுவந்துவிடலாம். புழுக்கையை அப்படி எதிர்பார்க்காதீர்கள். பெரிய முயல் ஒன்று நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். நடக்கிற போக்கில் பத்து இருபது வெளியே உருளத்தான் செய்யும். காய்ந்த உருண்டை, நாற்றம் கிடையாது, கறை படாது. துடைப்பத்தால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

ட்ரே: முக்கோண வகையா, பிளாஸ்டிக் டப் வகையா?

செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் முக்கோண ட்ரே பார்க்க அழகாக இருக்கும். கூண்டின் மூலையில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது எலி, கினிப்பன்றி அளவுக்குத்தான் சரி. முயல் எப்படி உட்காரும் என்று ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். ட்ரேக்குள் ஏறும், ஒரு சுற்றுத் திரும்பும், பின்பக்கத்தை மூலையில் ஒட்ட வைக்கும், வாலைத் தூக்கும். அந்த நேரத்தில் முன்கால்கள் உள்ளே இருக்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் முன்பாதி வெளியே, பின்பாதி விளிம்புக்கு மேலே. சிறுநீர் ட்ரேயைத் தாண்டிச் சுவரில்தான் அடிக்கும். நியூசிலாந்து வெள்ளை இனம் வளர்ந்தால் 4, 5 கிலோ வரும். இன்று உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக்கு வாங்கும் ட்ரே ஆறு மாதத்தில் உதவாது.

கம்பித்தளம் வைத்த கூண்டும் அதற்கடியில் இழுக்கும் தட்டும் இன்னொரு வழி. பண்ணைகளில் இதுதான் வழக்கம், புழுக்கை தானாகக் கீழே விழும், வேலை மிச்சம். வீட்டு முயலுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். நாய் பூனைக்கு இருப்பது போன்ற மெத்தென்ற பாதத் தசை முயலுக்கு இல்லை, ரோமம் மட்டும்தான். நாள் முழுக்கக் கம்பியில் நின்றால் குதிகால் ரோமம் உதிர்ந்து புண்ணாகும். தவிர, எங்கே போனாலும் கீழே விழுந்துவிடுகிற கூண்டில் வளரும் முயலுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும் அவசியமே வராது. வெளியே விட்ட அன்று வீடு முழுவதையும் அது கம்பித்தளமாகத்தான் நினைக்கும்.

நான் கடைசியாக வந்து நின்றது பாத்திரக்கடையில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் டப்பில். இரண்டடி நீளம், ஓரம் எட்டு அங்குல உயரம். முன்பக்கத்தை மட்டும் மூன்று அங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டேன். முயல் உள்ளே நீட்டிப் படுக்கலாம், எங்கள் முயல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். படுக்கவும் இடம் இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முயலுக்கு அது கழிப்பிடம் மட்டுமில்லை, சாப்பாட்டு மேசையும் அதுதான். புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடுவது அதன் வழக்கம். டப்பின் ஒரு பாதியில் காய்ந்த புல்லைக் குவித்து வையுங்கள், அல்லது தலை எட்டுகிற உயரத்தில் ஒரு கூடையில் தொங்கவிடுங்கள். பயிற்சியில் பாதி அங்கேயே முடிந்துவிடும். எத்தனை விதமான டப் வாங்கினாலும் புல் வேறு இடத்தில் இருந்தால் முயல் அங்கேதான் போகும்.

உள்ளே எதைப் போடுவது

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறோம். விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை தவறியிருக்கிறேன். அதனால் நான் இப்போது பார்ப்பது மூன்றுதான்: தின்றால் ஆபத்தா, பாதமும் பின்புறமும் உலர்ந்திருக்குமா, நம் ஊர் வெயிலில் எத்தனை மணி நேரம் நாறாமல் தாங்கும். முயல் எதையும் ஒருமுறை கடித்துப் பார்க்கும், வாந்தி எடுக்க அதனால் முடியாது. உள்ளே போனது குடலில் அடைத்தால் பின்வாங்க வழியில்லை. ஆகவே முதல் கேள்வியில் தோற்றது எதுவாக இருந்தாலும் நான் அடுத்த கேள்விக்குப் போவதே இல்லை.

அந்தக் கணக்கில் முதலில் வெளியே போவது பூனை மண். நீர் பட்டதும் கட்டியாகிற களிமண் வகையைத்தான் சொல்கிறேன். பூனைக்கு அதுவே வசதி, முயலுக்கு அதுவே எமன். பாதத்தில் ஒட்டும், முயல் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும், வயிற்றில் போய்க் கட்டியாகும். தூசி வேறு. முயல் மூக்கு வழியாக மட்டும்தான் மூச்சு விடுகிற பிராணி, தூசியை அது தாங்காது. கடையில் 'எல்லா பெட்டுக்கும் போடலாம்' என்று சொன்னாலும் வாங்காதீர்கள். நாய்க்குட்டிக்கு விரிக்கும் நீலப் பேடும் அப்படித்தான், கிழித்து பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

மரத்தூள் அடுத்தது. மரக்கடையில் சும்மாவே கிடைக்கும், அதுதான் ஆசை காட்டும். எந்த மரம் என்று நமக்குத் தெரியாது, பிளைவுட் அறுத்த தூளும் பசையும் கலந்திருக்கலாம். பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் பச்சைத்தூளில் உள்ள எண்ணெய்கள் முயலின் கல்லீரலைப் பாதிக்கும். நல்ல வாசனைதானே என்று நாம் நினைப்பதுதான் அதற்குக் கெடுதல். நெல் உமியையும் ஒரு மாதம் போட்டேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு சாக்கு வந்திருந்தது. உமி நீரை உறிஞ்சாது, வழியவிடும். நுனி கூராக இருப்பதால் பாதத்தில் குத்தும். சாக்கு பாதிக்கு மேல் செடிக்குத்தான் போனது.

தென்னை நார்க்கழிவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது அதுதான். நம் மண்ணின் பொருள், தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும், மாடித்தோட்டத்துக்கு வாங்கிய கட்டி எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோடை முழுக்கப் பிரச்சினையே இல்லை, நாற்றம் குறைவு, கறுப்பு மண் மாதிரி அழகாக இருந்தது. அக்டோபரில் மழை பிடித்தது. நார்க்கழிவு குடித்த நீரை விடவே இல்லை. மேலே பார்த்தால் உலர்ந்தது போலிருக்கும், விரலை விட்டால் ஈரம். எங்கள் வெள்ளை முயல் பஞ்சு, பெரிய எடை, அதிலேயே மணிக்கணக்கில் படுத்திருந்தாள். ஒரு நாள் மடியில் மல்லாத்திப் பார்க்கிறேன், பின்னங்கால் இரண்டும் மஞ்சள் பாரித்து, குதிகாலில் ரோமம் போய் நாலணா அளவுக்குச் சிவந்த தோல். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "ஈரம்தான் காரணம். நல்லவேளை, வெடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்றார். ஆற ஆறு வாரம் ஆனது. இன்றும் அந்த இடத்தில் ரோமம் மெல்லிசாகத்தான் இருக்கிறது.

குதிகால் புண்ணைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. பின்புறம் ஈரமாகவும் அழுக்காகவும் இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும், உயிரோடு தோலைத் தின்னும். குளிர்நாடுகளில் இதை வெயில்கால ஆபத்து என்பார்கள். நமக்கு வருடத்தில் பெரும்பகுதி வெயில்காலம்தான். அதனால்தான் உலர்ந்திருப்பதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். தென்னை நார்க்கழிவைப் போட்டே ஆகவேண்டும் என்றால் அதன்மேல் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பதித்து, அதற்கு மேல் கனமாகப் புல் விரியுங்கள். நாரில் பாதம் நேரடியாகப் படக்கூடாது.

செய்தித்தாள் எப்படி? வீட்டில் இருப்பது, செலவில்லை, தினமும் சுருட்டி எடுத்துவிடலாம். குட்டியாக இருந்தபோது எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது. வளர்ந்த முயலின் சிறுநீரை ஒரு நாள் தாளால் தாங்க முடியாது. ஊறிப்போய் முயல் அதன்மேலேயே நிற்கும், இரண்டாவது வேளையே மூக்கைத் துளைக்கும். அந்தக் காட்டமான அமோனியா வாசனை நமக்கு வரும்போது, தரையை ஒட்டி மூக்கு வைத்திருக்கும் முயலுக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். தனியாக வேண்டாம், அடிவிரிப்பாகப் போடுங்கள். வழவழப்பான வண்ணத்தாளை மட்டும் விலக்கிவிடுங்கள். வைக்கோலும் ஏறக்குறைய இதே கதைதான். மேலே பரப்ப நன்றாக இருக்கும், உறிஞ்சாது. பூஞ்சை பிடித்த வைக்கோல் அறவே கூடாது.

மிஞ்சியது பெல்லட் வகைகள், மரத்தில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. மர பெல்லட் என்பது சூட்டில் உலர்த்திய மரத்தூளை அழுத்தி விரல்நுனி நீளத்துக்குச் செய்த குச்சிகள். பைன் மரமாக இருந்தாலும் அந்தச் சூட்டில் கெடுதலான எண்ணெய் பெரும்பாலும் போய்விடுவதால் பச்சைத்தூள் போலப் பயப்பட வேண்டாம். ஈரம் பட்ட குச்சி மட்டும் உப்பி உதிர்ந்து தூளாகிக் கீழே இறங்கும், காய்ந்தது மேலேயே நிற்கும். எங்கே நனைந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும், அந்த இடத்தை மட்டும் அள்ளி எடுத்தால் போதும். சென்னை ஈரப்பதத்திலும் நாற்றத்தை இதைப்போல அடக்கியது எனக்கு வேறில்லை. காகித பெல்லட் பாதத்துக்கு இன்னும் மென்மை, தூசியும் குறைவு. ஆனால் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. குதிகால் புண் ஆறிக்கொண்டிருந்த ஆறு வாரமும் பஞ்சுவுக்கு அதைத்தான் போட்டேன். மற்றபடி மரமே போதும். வாங்கும்போது வாசனை சேர்க்காதது, கட்டியாகாதது என்று பார்த்து வாங்குங்கள். அடுப்பெரிக்க மூட்டையில் விற்கும் பெல்லட் மலிவு. ஆனால் அதில் என்னென்ன கலந்து அழுத்தினார்கள் என்று தெரியாது, வேண்டாம்.

இப்போது எங்கள் டப்பில் கீழே நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் ஒரு அங்குலத்துக்கு மர பெல்லட், மேலே ஒரு கை தடிமனுக்குக் காய்ந்த அருகம்புல்லோ கொழுக்கட்டைப் புல்லோ. காலையில் நனைந்த பெல்லட்டை அள்ளிப் புதுப்புல் போடுகிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிடுகிறேன், ஏப்ரல் மேயில் தினமும். பெல்லட்டைக் கனமாகக் கொட்டத் தேவையில்லை, கொட்டினால் காசுதான் வீண். எடுத்தது எல்லாம் மாடித்தோட்டத்துக்குப் போகிறது. புழுக்கையை மக்கவைக்காமல் நேராகவே செடிக்கு வைக்கலாம், வேரைச் சுடாது. தோட்டம் இருக்கிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம், பூனை மண்ணை எந்தத் தொட்டியிலும் கொட்ட முடியாது.

சுத்தம் செய்ய பினாயிலா, பிளீச்சிங் பவுடரா என்றும் சித்தி மகள் கேட்டாள். இரண்டும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுப்புகை வரும். வெள்ளை வினிகர் போதும். முயல் தின்னும் சுண்ணாம்புச் சத்தில் மிஞ்சியது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், அதனால் டப்பின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். முருங்கைக்கீரை, குதிரை மசால் அதிகம் போட்டால் இன்னும் கனமாகப் படியும். வினிகரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் நுரைத்துக் கழன்றுவிடும். தரையில் தவறிப்போன இடத்தையும் வினிகரால்தான் துடைக்க வேண்டும், வாசனை மிஞ்சினால் மறுபடி அங்கேயே போகும். சிறுநீர் ஆரஞ்சாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தால் உடனே பதறாதீர்கள், கீரையின் நிறமியாலும் அப்படி வரும். முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, நன்றாகப் பழகிய முயல் திடீரென்று கண்ட இடத்தில் போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலில் பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

ட்ரேயையும் பெல்லட்டையும் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முயல் வயதுக்கு வரும். அதுவரை சமர்த்தாக டப்பில் போன குட்டி, திடீரென்று சோபாவில், மெத்தையில், நம் கால்மேல்கூடச் சிறுநீர் பீய்ச்சும். ஆண் இதை அதிகம் செய்யும், பெண்ணும் செய்யும். பயிற்சி தோற்றுவிட்டது என்று நினைத்துக் கூண்டிலேயே அடைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முயல்களை நினைத்தால் மனசு கேட்காது, ஏனென்றால் இது பயிற்சியால் தீர்கிற விஷயமே இல்லை. கருத்தடை அறுவை சிகிச்சை செய்து நாலிலிருந்து ஆறு வாரத்தில் உடம்பில் ஹார்மோன் அடங்கும், பீய்ச்சுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். எங்கள் கறுப்பு ஆண்முயல் மிளகுக்கு ஐந்தாவது வாரத்தில் நின்றது.

செய்யாமலே பயிற்சி கொடுக்க முடியுமா என்றால், கொடுக்கலாம், பெண்முயல் தனியாக இருந்தால் ஓரளவு பலிக்கும். ஆனால் அவளுக்கும் செய்துவிடுங்கள் என்றே சொல்வேன். கருத்தடை செய்யாத பெண்முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது. ஜோடியாக வைத்திருக்கிறவர்களுக்கு யோசிக்கவே நேரமில்லை. 'ரெண்டும் பொண்ணுதான்' என்று கடையில் சொல்வதை நம்பிவிடக்கூடாது, குட்டியில் வித்தியாசம் தெரிவது கடினம். சினைக்காலம் முப்பது நாள் சொச்சம்தான்.

ஆனால் யாரிடம் செய்வது என்பதைப் பார்த்துச் செய்யுங்கள். நாய் பூனைக்குக் கைதேர்ந்தவர் எல்லோருக்கும் முயல் பழக்கம் இருக்காது, மயக்க மருந்தைத் தாங்குவதில் முயல் மென்மையான பிராணி. 'முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்க' என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். வாந்தி எடுக்காத பிராணியைப் பட்டினி போடத் தேவையில்லை. குடல் ஓட்டம் நிற்பதுதான் முயலுக்கு ஆபத்து. எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்பதில் தவறே இல்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

அதுவரை என்ன செய்வது? முழு வீட்டையும் திறந்துவிடுவதா, கூண்டிலேயே வைப்பதா என்றால் நான் நடுவில் நிற்பேன். பால்கனிக் கதவோரம் நாலடிக்கு நாலடி தடுப்பு வைத்து, உள்ளே டப், தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. வெளியே போன புழுக்கையைப் பொறுக்கி டப்பில் போடுங்கள், சிறுநீரைத் துடைத்த தாளையும் அதிலேயே போடுங்கள், வாசனை வழிகாட்டும். ஒரு வாரம் தரை உலர்ந்தே இருந்தால் தடுப்பை இன்னும் கொஞ்சம் அகட்டுங்கள். மெத்தை, சோபா இருக்கிற அறை கடைசியில்தான், மெத்தென்ற இடத்தைப் பார்த்தாலே அவற்றுக்குச் சிறுநீர் வந்துவிடும். தவறும்போது அதட்டவோ மூக்கைப் பிடித்து அழுத்தவோ கூடாது. முயல் இரைப்பிராணி, நம்மைப் பார்த்துப் பயந்தால் கற்பது நின்றுவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் முக்கோண ட்ரேயைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டப்பை அவள் வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்தார். மர பெல்லட் ஒரு பை, கீழே தாள். புல்லுக்கு மட்டும் இன்னும் அலைகிறாள், மருந்தடிக்காத அருகம்புல் வேளச்சேரியில் எளிதில் கிடைக்கவில்லை. நான் பெரம்பூரில் வாங்குவதில் பாதியை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முயல் இரண்டில் ஒன்று ஆண் என்று மருத்துவர் சொன்னதால் இப்போது இரண்டையும் தனித்தனித் தடுப்பில் வைத்திருக்கிறாள், அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறது. நேற்று இரவு ஒரு படம் அனுப்பினாள். டப்புக்குள் உட்கார்ந்து வாயில் ஒரு புல்லோடு கேமராவைப் பார்க்கிறது சாம்பல் குட்டி. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, மூணு நாளா தரையில ஈரமே இல்ல. புழுக்கை மட்டும் ஏழு."